காலணியும் கல்வீடும்

வறியோரைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் பல. வறியோர் தம் கையாலேயே எழுதிய நூல்கள் மிகச் சில. அச்சிலவற்றுள் குறிப்பிடத்தக்கது, பிரேசில் நாட்டின் சாவோ பாவுலோ நகரில் பழைய தாள் பொறுக்கிப் பிழைத்த கரோலினா மரியா டி ஜேசுஸ் என்னும் பெண்மணியின் நாட்குறிப்பு. 1960-ஆம் ஆண்டு வெளிவந்த அந்நூலின் தலைப்புக்கு 'வேண்டாத பொருள்களைப் போட்டுவைக்கும் அறை' என்பது பொருள். நகரத்தை ஒரு வீடாகக் கொண்டால், அவ்வீட்டின் கழிபொருள் அறையே குடிசைப் பகுதி என்பது ஆசிரியையின் பார்வை.

1914-இல் பிறந்த கரோலினா பள்ளியில் பயின்றது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளே. தியெத்தே ஆற்றங்கரையில் இருந்த கனிந்தே குடிசைப் பகுதியில், மூன்று குழந்தைகளுடன் துணையின்றி வாழ்ந்தார். தாளும் பழைய இரும்பும் பொறுக்கி விற்றார். குப்பையில் கிடைத்த குறிப்பேடுகளில் தம் நாள்களை எழுதிவைத்தார்.

நாட்குறிப்பு 1955 ஜூலை 15 அன்று தொடங்குகிறது. அன்று மகளின் பிறந்தநாள். புதுக் காலணி வாங்கித் தர விரும்புகிறார் தாய். உணவுப் பொருள்களின் விலை அதற்கு இடந்தரவில்லை. குப்பையில் கண்டெடுத்த ஒரு சோடியைக் கழுவிச் செப்பனிட்டு மகளுக்கு அணிவிக்கிறார். நம்பிக்கை என்னும் சொல் இந்நூலில் எங்கும் முழங்குவதில்லை. இத்தகைய சிறு செயல்களாகவே அது வெளிப்படுகிறது. பிறிதோரிடத்தில், நல்லதொரு வீட்டில் குடியிருப்பதாகக் கனவு காண்கிறார். விழித்தால் ஆற்றங்கரைச் சேறு. பசித்த கண்ணுக்கு உலகமே மஞ்சளாகத் தோன்றுவதையும், உண்டபின் வானும் மரங்களும் தம் நிறம் பெறுவதையும் அவர் குறித்திருப்பது, பட்டறிந்தவர்க்கே வாய்க்கும் நுட்பம்.

அவருடைய அவா காலணியோடு நிற்கவில்லை. கல்வீட்டில் வாழ விரும்பினார். அதனினும் மேலாக, எழுத்தாளராக விரும்பினார். சண்டையிடும் அண்டை அயலாரை, "உங்களைப் பற்றி என் நூலில் எழுதிவிடுவேன்" என்று அச்சுறுத்துவாராம். அவர்களைப் பற்றி அவர் எழுதியவை பல இடங்களில் கடுமையானவை. இரக்கமற்றவை என்றும் சொல்லலாம். இது நூலின் குறையே. எனினும், ஏழைகள் யாவரும் ஒருமனப்பட்டு வாழ்வதாக நாம் வரைந்து வைத்திருக்கும் இனிய ஓவியத்தை இக்குறையே கலைக்கிறது. சேற்றிலிருந்து கரையேறத் துடிப்பவர், உடனிருப்போரிடமிருந்து தம்மைப் பிரித்துக் காட்ட முயல்வதும் வறுமை விளைக்கும் கேடுகளுள் ஒன்றன்றோ?

1958-இல் கரோலினாவைச் சந்தித்த செய்தியாளர் ஔதாலியோ தந்தாஸ், குறிப்பேடுகளிலிருந்து தெரிந்தெடுத்தும் சுருக்கியும் இந்நூலைத் தொகுத்தார். எழுத்துப் பிழைகளைத் திருத்தாது விட்டார். அது ஆசிரியையின் குரலைக் காத்தது. ஆனால் அவரை எழுத்தாளராகக் கருதாது காட்சிப் பொருளாகக் காணும் போக்குக்கும் துணைபோயிற்று என்பது நம் கருத்து.

முதற்பதிப்பின் 10,000 படிகளும் ஒரே வாரத்தில் விற்றுத் தீர்ந்தன. பல மொழிகளில் நூல் பெயர்க்கப்பட்டது. கரோலினா விரும்பிய கல்வீடும் கிட்டியது. புதிய அயலாரோ அவரை மனமுவந்து ஏற்கவில்லை. அவ்வாழ்வைக் கூறும் 'கல்வீடு' என்னும் அடுத்த நாட்குறிப்பு 1961-இல் வெளிவந்தபோது முன்னைய வரவேற்பு இல்லை. 1963-இல் வெளியான அவருடைய புதினம் கவனிப்பாரற்றுப் போயிற்று. 1977-இல் நகரின் புறப்பகுதியில் வறுமையிலேயே அவர் காலமானார். ரியோ டி ஜெனிரோ கூட்டரசுப் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது 2021-இல்தான்.

பசியை எழுதியவரை உலகம் வாசித்தது. கற்பனையை எழுத முற்பட்டவரை ஒதுக்கியது. இதுவே அவருடைய நூல்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கையில் நாம் பெறும் கசப்பான பாடம். ஏழையின் பசிக்கு இரங்குதல் எளிது. இரங்குபவர் மேலேயும் இரக்கப்படுபவர் கீழேயும் இருந்தபடியே இருக்கலாம். ஏழையின் அவாவை மதிப்பதோ அரிது. அதற்கு அவரை நம்மோடு சமமாக அமர்த்த வேண்டியிருக்கிறது. 'விரலுக்குத் தக்க வீக்கம்' என்ற பழமொழியை நாம் யாரை நோக்கிச் சொல்கிறோம் என்று எண்ணிப் பார்ப்போம். நம் பிள்ளைகளிடம் முன்னேற்றம் எனப் பெயர் பெறும் அதே விருப்பம், குடிசையில் பிறந்தால் பேராசையாகிவிடுகிறது. இந்நூலைக் கண்ணீரோடு மூடிவைப்பது போதாது. கரோலினா நம்மிடம் வேண்டியது கண்ணீரன்று, வாசகரை.