ஏவல் பூதமும் காவல் பூதமும்: தமிழ்த் தொலைக்காட்சியின் மாயத் தொடர்கள் குறித்துத் தங்கச்சிமடக் கரையிலிருந்து ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

குழந்தைகளுக்கும் குடும்பத்தார்க்குமாகத் தமிழில் ஒளிபரப்பான மாயத் தொடர்களை இக்கட்டுரை திறனாய்வு செய்கிறது. சொன்னதைச் செய்து முடிக்கும் ‘ஏவல் பூதம்’, ஓர் இடத்தையும் அதன் அறத்தையும் காக்கும் ‘காவல் பூதம்’ என்னும் இரு மாதிரிகளைக் கொண்டு ‘மை டியர் பூதம்’, ‘மர்மதேசம்’, ‘நந்தினி’ ஆகிய தொடர்கள் நோக்கப்படுகின்றன. விதி, விலை, இடம் ஆகிய மூன்றும் அமையும்போதே மாயம் கதையாகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து. இத்தொடர்களில் இடம் தேய்ந்துபோனதன் இழப்பு, தங்கச்சிமடம் என்னும் கடற்கரை ஊரை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மாயத் தொடர், பூதம், சிலப்பதிகாரம், மணிமேகலை, மர்மதேசம், தங்கச்சிமடம், நெய்தல்.

முன்னுரை

தமிழ்த் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிய திறனாய்வு பெரிதும் குடும்பக் கதைகளையே சுற்றி வந்துள்ளது. குழந்தைகள் பெற்றோருடனும் தாத்தா பாட்டியுடனும் அமர்ந்து கண்ட மாயத் தொடர்கள் ‘பொழுதுபோக்கு’ என்னும் ஒரு சொல்லோடு கடந்து செல்லப்பட்டன. ஆயினும் ஒரு தலைமுறையின் கற்பனையை உருவாக்கியதில் அவற்றுக்குப் பங்குண்டு. எது இயலும், எது இயலாது, அற்புதம் எங்கே நிகழும், யாருக்கு நிகழும் என்பவற்றைக் குழந்தை முதலில் கதையிலிருந்தே கற்கிறது.

இவ்வாய்வுக்குத் தங்கச்சிமடம் களமாகக் கொள்ளப்படுவதற்குக் காரணம் உண்டு. பாம்பனுக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே தீவில் அமைந்த இம்மீனவ ஊர், தொலைக்காட்சி அலைகளுக்கு நெடுங்காலமாகப் பழகியது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975இல் தொடங்கியது; இலங்கையின் ரூபவாகினி 1982இல் தொடங்கியது. பின்னதன் ஒளிபரப்பை இக்கரையோர ஊர்கள் கடல் கடந்து பெற்றுக் கண்ட காலமும் உண்டு. பின்னர் இராமேசுவரத்தில் 323 மீட்டர் உயரத் தொலைக்காட்சிக் கோபுரமும் எழுந்தது. அலைகள் இவ்வூருக்கு வந்தன. இவ்வூரின் கதைகள் அலைகளில் ஏறினவா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

1. வலையில் அகப்பட்ட குப்பி

தமிழ்த் திரையில் பூதம் பெரும்பாலும் குப்பியிலிருந்தோ விளக்கிலிருந்தோ வெளிப்படுகிறது. இதன் மூலம் அரபுக் கதைமரபு. ஆயிரத்தொரு இரவுகள் தொகுப்பில் குடத்துப் பூதத்தைக் கண்டெடுப்பவன் ஓர் ஏழை மீனவன். நாளொன்றுக்கு நான்குமுறை மட்டுமே வலை வீசுவது என்பது அவன் தனக்கு வகுத்துக்கொண்ட விதி. முதல்முறை செத்த கழுதை வருகிறது. அடுத்துச் சேறும் மணலும் நிறைந்த சாடி. பிறகு ஓடுகளும் கண்ணாடிச் சில்லுகளும். நான்காம் வீச்சில் சுலைமானின் முத்திரை இட்ட பித்தளைக் குடம் அகப்படுகிறது. வெளிவந்த பூதம் வரம் தருவதில்லை. எவ்வாறு சாக விரும்புகிறாய் என்று கேட்கிறது. இவ்வளவு பெரிய உருவம் இச்சிறு குடத்துள் எப்படி அடங்கியிருக்கும் என்று ஐயம் எழுப்பி, மீனவன் தன் அறிவாலேயே அதனை மீண்டும் குடத்துள் அடைக்கிறான்.

இக்கதை மேற்கில் உருமாறியது. ஆன்ஸ்டே என்னும் புனைபெயர் கொண்ட ஆங்கில எழுத்தாளர் 1900இல் வெளியிட்ட ‘பித்தளைக் குப்பி’ என்னும் பொருள்படும் நாவலில், குப்பியைப் பெறுபவன் இலண்டன் நகரத்துக் கட்டடக் கலைஞன். அது அவனுக்கு ஏலத்தில் கிடைக்கிறது. அந்நாவல் 1964இல் ஆலிவுட் படமானது. அதன் தாக்கத்தில் 1967இல் எம். வி. இராமன் இயக்கத்தில் ‘பட்டணத்தில் பூதம்’ தமிழில் வந்தது. ஜாவர் சீதாராமன் பூதமாக நடித்தார். படத்தின் பெயரே இடமாற்றத்தைப் பறைசாற்றுகிறது. மீனவன் மறைந்தான், கடல் மறைந்தது, நான்குமுறை என்னும் விதியும் உயிருக்கு நேர்ந்த அச்சமும் மறைந்தன. எஞ்சியது ஏவலுக்குக் காத்திருக்கும் பூதம். தமிழ்த் தொலைக்காட்சி மரபுரிமையாகப் பெற்றது இப்பூதத்தையே.

2. பூதத்தின் தமிழ் மரபு

தமிழ் இலக்கியத்தில் பூதம் வேறொன்று. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரத்துச் சதுக்கப் பூதம் ஒரு நாற்சந்தியில் நிலைகொண்டது. பொய்த்தவம் புரிவோர், பொய்ச்சாட்சி சொல்வோர், புறங்கூறுவோர், பிறன்மனை நயப்போர் ஆகியோரை அது பாசத்தால் பற்றி அழிக்கும். அடைக்கலக் காதையில், பொய்ச்சாட்சி சொன்னவனுக்கு மாற்றாகத் தன்னுயிரைத் தர முன்வரும் கோவலனின் வேண்டுதலை அப்பூதம் ஏற்க மறுக்கிறது. தலைமகனே வேண்டினும் வளையாத இவ்விதியே பூதத்துக்குப் பெருமை தருகிறது.

மணிமேகலையில் கடல்தெய்வம் கதைத்தலைவியை மணிபல்லவத் தீவுக்குக் கொண்டு செல்கிறது. வேற்றுருக் கொள்ளல், வான்வழிச் செல்லல், பசி நீங்கல் ஆகிய மூன்று ஆற்றல்களுக்குரிய மந்திரங்களை அவள் பெறுகிறாள். அமுதசுரபி கோமுகிப் பொய்கையில் வைகாசி முழுநிலவு நாளில் மட்டுமே தோன்றும். அதே காப்பியத்தில், கப்பல் உடைந்து நாகர் மலையில் ஒதுங்கும் சாதுவன், அவர்தம் மொழியை அறிந்திருந்தமையால் உயிர் பிழைக்கிறான். சாகசக் கதைக்குரிய கூறுகள் அனைத்தும் இங்கு உள்ளன. வாளால் ஆகாதது பேச்சால் ஆகிறது.

அச்சு ஊடகத்திலும் இம்மரபு தொடர்ந்தது. 1947இல் தொடங்கிய அம்புலிமாமா இதழ் வழியாகப் பரவலாக அறியப்பட்ட வேதாளக் கதைகளில், விடை தெரிந்தும் சொல்லாவிடில் தலை சிதறும். வாய்திறந்தால் வேதாளம் மரமேறும். இவ்விரட்டை விதியே கதையை நகர்த்துகிறது. இவற்றிலிருந்து மூன்று அளவுகோல்களைப் பெறலாம். மாயத்தின் ஆற்றலுக்கு எல்லை இடுவது விதி. அதனைப் பெறுவோர் கொடுப்பது விலை. அது வேரூன்றி நிற்பது இடம்.

3. ‘மை டியர் பூதம்’: தோழமையும் அதன் எல்லையும்

சன் தொலைக்காட்சியில் 2004 முதல் 2007 வரை ஒளிபரப்பான ‘மை டியர் பூதம்’, தமிழில் குழந்தைகளுக்கென வந்த தொடர்களில் பெரும்புகழ் பெற்றது. மூசா என்னும் பூதச்சிறுவன் மனிதக் குழந்தைகளிடையே வாழ்வது அதன் மையம். இத்தொடரின் தனிச்சிறப்பு பூதத்தின் வயது. ‘பட்டணத்தில் பூதம்’ உள்ளிட்ட படங்களில் பூதம் பெரியவர், ஏவுபவர் எசமானர். மூசாவோ ஏவலாளாகவும் எசமானாகவும் இல்லாமல் விளையாட்டுத் தோழனாகிறான். அவனுக்குக் குறும்பு உண்டு, கோபம் உண்டு, தவறும் உண்டு. ஆண்டான் அடிமை உறவை நட்பாக மாற்றிய இந்நகர்வு எளிதானதன்று. மாலை வேளையில் குடும்பங்கள் இத்தொடரை விரும்பிக் கண்டதற்கு இதுவே முதன்மைக் காரணம் எனலாம்.

எனினும் தொடரின் நெடிய ஓட்டத்தில் பெரும்பாலான சிக்கல்கள் மூசாவின் ஆற்றலால் தீர்கின்றன. குழந்தைகள் தம் அறிவாலும் துணிவாலும் தீர்க்க வேண்டிய தருணங்கள் சுருங்குகின்றன. களமாக அமையும் வீடும் பள்ளியும் தெருவும் எந்த ஊருக்கும் பொருந்துபவை; எந்த ஊருக்கும் உரியவை அல்ல. அரபுக்கதை மீனவன் அறிவால் பூதத்தை வென்றான். அவ்விடத்தை இங்குப் பூதத்தின் ஆற்றலே எடுத்துக்கொள்கிறது.

இதே பெயரில் 2022இல் என். இராகவன் இயக்கி, பிரபுதேவா நடித்து வெளிவந்த திரைப்படம் இக்குறையை ஓரளவு உணர்ந்திருந்தது. பூதம் தன் உலகுக்குத் திரும்ப, அதை விடுவித்த சிறுவன் 48 நாளுக்குள் ஒரு மந்திரத்தைச் சொல்ல வேண்டும்; சிறுவனுக்கோ திக்குவாய். பூதத்தின் பேராற்றல் ஒரு குழந்தையின் தடுமாறும் நாவைச் சார்ந்து நிற்கிறது. விதியும் விலையும் இங்கு உள்ளன. இடம் மட்டும் பெரிதாக வலுப்பெறவில்லை.

4. ‘மர்மதேசம்’: இடம் சார்ந்த மாயம்

1990களின் பிற்பகுதியில் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனத் தயாரிப்பாக, இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ வரிசை குழந்தைகளுக்கென எடுக்கப்பட்டதன்று. ஆயினும் குடும்பமாக அமர்ந்து, குழந்தைகள் அஞ்சியும் விலகாமலும் கண்ட தொடர் அது. அதன் ‘இரகசியம்’ கதை, நவபாடாண இலிங்கத்தையும் சித்தமருத்துவ மரபையும் ஒரு கோயிலோடு பிணைத்தது. ‘விடாது கருப்பு’ ஓர் ஊரையும் அதன் காவல் தெய்வத்தையும் களமாக்கியது. தவறு செய்வோரைக் கருப்பசாமி தண்டிக்கிறார் என்னும் ஊரார் நம்பிக்கை ஒருபுறமும், பிளவுபட்ட ஆளுமை என்னும் உளவியல் விளக்கம் மறுபுறமும் நின்றன.

இத்தொடரின் கருப்பு, புகார் நகரத்துச் சதுக்கப் பூதத்தின் உறவினர் எனலாம். இருவரும் எல்லையில் நிற்பவர்கள். இருவரும் ஏவலுக்கு அடங்காதவர்கள். அக்கதையை அவ்வூரிலிருந்து பெயர்த்து வேறிடத்தில் நட இயலாது. தொடர் தந்த அச்சத்தின் வலிமை காட்சி உத்திகளைவிட இவ்வேர்ப்பிடிப்பிலிருந்தே பிறந்தது.

பின்வந்த காலத்தில் இவ்வேர் தளர்ந்தது. அதற்குத் தயாரிப்புப் பொருளாதாரமும் ஒரு காரணம். 2017இல் சுந்தர். சி. நிறுவனத் தயாரிப்பில் தொடங்கிய ‘நந்தினி’, தமிழ், கன்னடம் ஆகிய இரு மொழிகளுக்குமாக உருவாக்கப்பட்டது. பல மொழிச் சந்தைக்குச் செல்லும் கதை, எம்மொழியார்க்கும் அந்நியமாகாத பொது வெளியை நாடுவது இயல்பு. மாளிகையும் நாகமும் பழிவாங்கலும் எங்கும் செல்லுபடியாகும். வரைகலைச் செலவு உயர்ந்தது; ஊரின் முகம் மங்கியது.

5. கரையோரக் குழந்தையும் திரையின் கடலும்

மாயக்கதைக்குத் தங்கச்சிமடத்தில் பஞ்சமில்லை. அக்காள்மடம், தங்கச்சிமடம் என அடுத்தடுத்து நிற்கும் ஊர்ப்பெயர்களே உடன்பிறந்த இருவரைப் பற்றிய கதையைக் கேட்கத் தூண்டுகின்றன. சேதுபதி மரபோடு இணைத்து வழங்கும் வழக்காறும் அதற்கு உண்டு. அருகிலுள்ள தனுஷ்கோடியை 1964 திசம்பர்ப் புயல் ஒரே இரவில் அழித்தது. பயணிகள் இரயில் ஒன்றும் அலைக்குப் பலியானது. கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் பாம்பன் பாலம் இத்தீவை நிலத்தோடு இணைத்தது. வாடையும் கச்சானும் சோழகமும் கொண்டலும் இங்குக் காற்றின் பெயர்கள். குழந்தைகள் அவற்றை வீட்டிலேயே கற்கின்றனர்.

விதியும் விலையும் இக்குழந்தைகளுக்குப் புதியவை அல்ல. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குச் செல்ல இயலாது. கண்ணுக்குத் தெரியாத எல்லைக்கோடு ஒன்று கடலில் ஓடுகிறது. அதனைக் கடந்தவர் சிறைப்படலாம், படகை இழக்கலாம். 2017 மார்ச்சு மாதத்தில் இவ்வூரைச் சேர்ந்த இளம் மீனவர் ஒருவர் கடலில் சுடப்பட்டு இறந்தார். கடலுக்குச் சென்ற தந்தை திரும்புவாரா என்னும் வினாவோடு வளரும் குழந்தைக்கு, கண்ணிமைப்பில் அனைத்தையும் தீர்க்கும் பூதம் சிறுபொழுது ஆறுதல் தரும். அவ்வினாவைச் சுமக்கும் திறனைத் தராது. மணிமேகலா தெய்வமும் சாதுவனும் தரக்கூடியது அத்திறனையே. கப்பல் உடைந்த பின்னும் கதை தொடரும் என்பதை அவை காட்டுகின்றன.

2007இல் தொடங்கிய சுட்டி டிவி வழியாக டோராவின் பயணங்கள் தமிழில் வந்தன. செல்லும் வழியை வரைபடம் முன்கூட்டியே சொல்லும். குழந்தைகள் அவ்வழியை உடன் சேர்ந்து ஒப்பிப்பர். இடத்தின் வழியே சாகசத்தைக் கற்பிக்கும் இவ்வுத்தி எளிது, செலவும் குறைவு. பாம்பனிலிருந்து தங்கச்சிமடம் வழியாகத் தனுஷ்கோடிக்கு அத்தகைய ஒரு கதைவழியை இங்கு எடுத்துக்கொண்ட தொடர்கள் எவையும் குழந்தைக்குத் தரவில்லை.

6. எதிர்வாதங்கள்

இதற்கு இரு மறுப்புகள் எழலாம். முதலாவது, மாயக்கதை இடத்தைக் கடப்பதற்காகவே உள்ளது என்பது. இது பாதி உண்மை. கடப்பதற்கும் ஓரிடம் தேவை. மணிபல்லவம் வியப்பூட்டுவது புகாரை அறிந்தவர்க்கே. இரண்டாவது, இவ்வாதம் பிறநாட்டுக் கதைகளை விலக்குகிறது என்பது. அவ்வாறில்லை. இந்துக்களும் இசுலாமியரும் கத்தோலிக்கரும் அருகருகே வாழும் இத்தீவில் சுலைமானின் முத்திரையும் சேதுவின் கதையும் ஒருசேர ஒலிக்க முடியும். அரபுக்கதையின் குடத்தைக் கண்டெடுத்தவன் மீனவன் என்பதை நினைவிற் கொண்டால், அது இக்கரைக்கு அந்நியமே அன்று. குறை கடன் வாங்கியதில் இல்லை; வாங்கும்போது மீனவனை விட்டுவிட்டதில் உள்ளது.

முடிவுரை

‘மை டியர் பூதம்’ பூதத்தைக் குழந்தைக்குத் தோழனாக்கியது. ‘மர்மதேசம்’ மாயத்தை ஓர் ஊருக்கு உரியதாக்கியது. இவ்விரு நற்பேறுகளும் ஒரே தொடரில் கூடவில்லை. குழந்தையின் வயதையும் ஊரின் வேரையும் ஒருங்கே கொண்ட தொடர் தமிழில் உருவாகவேண்டும். அதற்குப் பெரும் வரைகலைச் செலவு தேவையில்லை. காற்றின் பெயரையும் கடலின் விதியையும் அறிந்த எழுத்தும், கரையோரப் பேச்சைச் சிதைக்காத உரையாடலும் தேவை. மணிமேகலை, சாதுவன் கதைகளோடு இத்தீவின் வாய்மொழி வழக்காறுகளையும் தொடர்க்கதை வடிவுக்கு ஏற்பத் தொகுப்பது அடுத்துவரும் ஆய்வாளர்க்குரிய பணியாகும். வலைவீசிய மீனவனிடம் பூதத்தின் கதையைத் திருப்பித் தருவதற்கு அதுவே முதற்படி.