விலை இறங்கினால் பயனும் இறங்குமா?

நூலைத் தானே வெட்டும் வசதியும் சர்வோ மோட்டாரும் ஒரு காலத்தில் ஜூக்கி, பிரதர் போன்ற ஜப்பானிய நிறுவனங்களின் விலை உயர்ந்த தையல் மெஷின்களோடு நின்றிருந்தன. திருப்பூரில் பெரிய ஏற்றுமதி நிறுவனங்களே அவற்றை வாங்கின. சீனாவின் செஜியாங் மாகாணத்து ஜேக், ஜோஜே நிறுவனங்கள் அதே வசதிகளைக் குறைந்த விலையில் தரத் தொடங்கியபின், ஜாப் ஒர்க் செய்யும் சிறு தையல் கூடங்களான பவர் டேபிள் யூனிட்டுகளுக்கும் அவை எட்டின. தொழில்நுட்பம் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டினால் அது பாதி உண்மைதான். வசதி கைக்கு வருவது ஒன்று. அதன் ஆதாயம் கையில் தங்குவது வேறு.

சர்வோ மோட்டாரில் இரண்டுமே நடக்கின்றன. பழைய கிளட்ச் மோட்டார் சுவிட்சை அணைக்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். டெய்லர் அடுத்த பீஸை எடுக்கும் நேரத்துக்கும் மின்சாரம் செலவாகும். சர்வோ, பெடலை மிதித்தால்தான் ஓடும். மிச்சமாகும் மின்கட்டணம் யூனிட்காரருக்கே. நூல் வெட்டும் வசதி மிச்சப்படுத்துவதோ நேரத்தை. அந்த நேரம் பணமாக வேண்டுமானால் பீஸ் ரேட்டின் வழியாகத்தான் வரவேண்டும். பவர் டேபிள் உரிமையாளர்கள் பனியன் உற்பத்தியாளர் சங்கமான சைமாவுடன் போடும் ஒப்பந்தம் பழைய கூலியின் மேல் சதவீத உயர்வைப் பேசுகிறது. புது மெஷினின் தவணையை அது தனியே கணக்கில் எடுப்பதில்லை. எல்லோரிடமும் அந்த மெஷின் வந்தபின், வேகம் என்பது ஆர்டர் கொடுப்பவரின் சாதாரண எதிர்பார்ப்பாகிவிடும்.

கூலி மாறாவிட்டாலும் பீஸ் கூடினால் வருமானம் கூடுமே என்று கேட்கலாம். முதலில் வாங்கியவருக்கு, அதுவும் ஆர்டர் குறையாத மாதங்களில், அது சரி. மந்தமான மாதத்தில் வேகத்துக்கு வேலை இல்லை. தவணைக்கு மட்டும் விடுமுறை இல்லை. மலிவு மெஷின் என்றாலே மட்டம் என்ற எதிர்வாதமும் முழுதாக நிற்காது. பிந்தி வாங்குபவருக்குப் பிறர் கையில் தேறி வந்த வசதி கிடைக்கிறது. உண்மையான குறை பழுதில் இருக்கிறது. கிளட்ச் மோட்டாரை உள்ளூர் மெக்கானிக்கே பிரித்துச் சரிசெய்வார். எலக்ட்ரானிக் போர்டு போனால் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும். அதுவரை பீஸ் ரேட் டெய்லருக்குக் கூலி இல்லை.

1999-இல் தொடங்கிய மத்திய அரசின் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டம் வட்டி மானியத்தால் மெஷின் வாங்குவதை எளிதாக்கியது. வாங்கிய பின் வரும் பழுதும் பேரமும் அதன் வரம்புக்கு வெளியே இருந்தன. எனவே சிறு யூனிட்டுகளுக்கு இனி வேண்டியது இன்னும் மலிவான மெஷின் அல்ல. மெஷின் செலவையும் எண்ணும் கூலி ஒப்பந்தமும், போர்டு பழுதை அன்றே தீர்க்கும் பொதுச் சர்வீஸ் மையமும்தான்.