குடற்புண்ணும் கிருமியும்

ஒரு சொல் இரு பொருள் தருவது செய்யுளுக்குச் சிலேடை. மருத்துவக் கட்டுரைக்கு அதுவே கேடு. இன்று தமிழில் வெளிவரும் உடல்நலக் கட்டுரைகளில் அத்தகைய சொற்கள் இரண்டு தடையின்றி வழங்குகின்றன. ஒன்று குடற்புண், மற்றொன்று கிருமி. இவை தனித்தனியே செய்யும் தீங்கினும், சேர்ந்து செய்யும் தீங்கு பெரிது.

முதற்கண் குடற்புண். மக்கள் 'அல்சர்' என்று கூறும் நோய் இரைப்பையிலும் சிறுகுடலின் முற்பகுதியிலும் உண்டாவது. அதனைக் குடற்புண் என்று எழுதுகின்றனர். பெருங்குடலின் உட்சவ்வு அழன்று புண்ணாகிக் குருதி கசியும் நோய் முற்றிலும் வேறு. 1859-ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ் எழுதிய நோய்க்குறிப்பிலிருந்தே அதன் ஆங்கிலப் பெயர் வழங்கலாயிற்று. அது மலக்குடலில் தொடங்கி இடைவெளியின்றி மேல்நோக்கிப் பரவுவது. பெரும்பாலும் இளமையிலேயே தோன்றுவது. அடங்கியதுபோல் இருந்து மீண்டும் எழுவது. அதனையும் குடற்புண் என்றே எழுதுகின்றனர். படிப்பவர் எதனை எதுவென்று கொள்வார்?

இனிக் கிருமி. வடமொழியில் இச்சொல்லுக்குப் புழு என்பதே பொருள். கிருமிகண்ட சோழன் என்று வைணவ நூல்கள் கூறும் பெயரிலும் அப்பொருளே உண்டு. பிற்காலத்தில் கண்ணுக்குப் புலனாகாத நோய்க்காரணிகளுக்கு அச்சொல்லை ஆண்டனர். அதனாற் குற்றமில்லை. ஆனால் குடலில் வாழும் நுண்ணுயிர் அனைத்தையும் குடற்கிருமி என்று எழுதுவது குற்றமே. அதைப் படிக்கும் தாய் பூச்சி மருந்து வாங்கச் செல்வாள். தொழிலாளி கிருமிக்கொல்லி மாத்திரையைத் தேடுவான்.

இரண்டு சொற்களும் சேரும்போது விளையும் மயக்கத்தைக் காண்போம். இரைப்பைப் புண் பலவற்றிற்குக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா என்று ஆஸ்திரேலிய மருத்துவர்கள் மார்ஷலும் வாரனும் காட்டினர். அதற்கு 2005-இல் நோபெல் பரிசும் பெற்றனர். அங்கே கிருமி என்னும் சொல் பொருந்தும். அதனைக் கொல்லும் மருந்தைச் சில நாள் உண்டால் புண் ஆறும். இச்செய்தியைப் படித்தவர், பெருங்குடல் நோய்க்கும் அதுவே மருந்து என்று எண்ணினால் அவரைக் குறை கூற இயலாது. பெயரன்றோ அவரை ஏமாற்றியது!

பெருங்குடலில் நடப்பது வேறு. அதன் உட்சவ்வின் உயிரணுக்களுக்கு முதன்மையான உணவு பியூட்டிரேட் என்னும் அமிலப்பொருள். நம்மாற் செரிக்க இயலாத நார்ப்பொருளிலிருந்து அதனை ஆக்கித் தருவன குடல்வாழ் பாக்டீரியாக்கள். பெருங்குடற் புண் என்பது இவ்வுணவைப் பயன்கொள்ள இயலாத வறுமையோ என்று 1980-இல் ரோடிகர் என்னும் ஆய்வாளர் வினவினார். ஃபீக்கலிபாக்டீரியம் பிராஸ்னிட்சி முதலிய நல்ல பாக்டீரியாக்கள் இந்நோயாளரிடம் குறைந்திருத்தலைப் பின்வந்த ஆய்வுகள் பல கண்டன. ஆகவே, இங்கே பகைவன் புகுந்தான் என்பதினும், துணைவர் குறைந்தனர் என்பதே உண்மைக்கு நெருக்கம்.

பூஞ்சைகளின் செய்தியும் இத்தகையதே. பூஞ்சைகளை உணரும் டெக்டின்-1 என்னும் புரதம் இல்லாத எலிகளுக்குக் குடலழற்சி கடுமையாயிற்று என்று அமெரிக்க ஆய்வொன்று 2012-இல் காட்டியது. குடலழற்சி நோயாளரிடம் ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் குறைந்தும், கேண்டிடா என்னும் பூஞ்சை மிகுந்தும் இருத்தலைப் பாரிசு ஆய்வாளர் 2017-இல் கண்டனர். கேண்டிடாவிலும் எல்லாம் ஒரே அளவு தீங்கு செய்வன அல்ல என்று 2022-இல் தெரியவந்தது. இம்மாற்றங்கள் நோயின் காரணமா, விளைவா என்பது இன்னும் முடிவாகவில்லை. இத்தனை நுட்பத்தையும் கிருமி என்னும் ஒரு சொல் எங்ஙனம் தாங்கும்? பூஞ்சையைக் காளான் என்று எழுதுவாரும் உளர். அதைப் படித்தவர் சந்தையில் விற்கும் காளானை விலக்குவதே மருந்து என்று எண்ணவும் இடமுண்டு.

'மக்கள் வழக்கை மாற்ற நாம் யார்?' எனச் சிலர் வினவலாம். மக்கள் வழக்கோ தெளிவாகவே இருக்கிறது. பாலில் ஊற்றுவதை உறை என்றார்களேயன்றிக் கிருமி என்றாரல்லர். மாவு புளித்தது என்பது வேறு. சோறு ஊசிப்போயிற்று என்பது வேறு. நுண்ணுயிரைக் கண்ணாற் காணாத பாட்டிமார் பிரித்தறிந்ததை, நுண்பெருக்கியின் காலத்தில் எழுதுவோர் கலந்துவிட்டனர்.

இக்கலப்பினாலேயே புகழுரையும் பிழைபடுகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியார் குடலழற்சி நோயாளர்க்குப் பழைய சோறு பயன்படுமா என்று ஆராய முற்பட்டது பாராட்டுக்குரியது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாரும், எளிதிற் செரியாத மாவுப்பொருளை உப்புச்சர்க்கரைக் கரைசலோடு கொடுத்தால் காலராவின் வயிற்றுப்போக்கு விரைவில் தணிவதை 2000-இல் வெளியிட்டனர். அம்மாவைப் பெருங்குடலில் பயன்படுத்துவன அங்கு வாழும் பாக்டீரியாக்களே. ஆனால், 'பழைய சோறு குடற்புண்ணை ஆற்றும்' என்று தலைப்பிடுவது ஆராய்ச்சியன்று, ஆரவாரம். எந்தப் புண்ணை என்ற வினாவுக்கு அதில் விடையில்லை. அதனை நம்பி மருந்தை நிறுத்துவோர்க்கு நோய் மீண்டும் எழலாம். பல்லாண்டு நீடித்துப் பெருங்குடலிற் பெரும்பகுதியைப் பற்றிய நோயாளர்க்குக் குடற்புற்று வரும் வாய்ப்பும் மிகுதி.

இது சிங்கப்பூர்த் தமிழர் புறக்கணிக்கக்கூடிய செய்தியன்று. இந்நோய் சீனரினும் மலாய்க்காரரினும் இந்தியரிடையே மிகுதி என்று 2000-இல் வெளிவந்த இந்நாட்டு ஆய்வு காட்டியது. இங்கிலாந்தின் லெஸ்டரில் குடியேறிய இந்தியரிடையேயும் அத்தகைய மிகுதியை 1992-இல் கண்டனர். ஜூரோங்கில் 2015-இல் திறக்கப்பெற்ற பொது மருத்துவமனை இருக்கிறது. அருகிலேயே தொழிற்பேட்டை இருக்கிறது. தமிழகத்திலிருந்து அங்கு வந்து உழைக்கும் இளைஞன், மலத்தில் குருதி கண்டால் மூலம் என்று மறைப்பான். அல்லது கைப்பேசியில் 'குடற்புண்' என்று தேடுவான். அவன் மருத்துவரிடம் இன்று போவானா, ஆறு திங்கள் கழித்துப் போவானா என்பதை அங்குக் காணும் சொல்லும் ஓரளவு முடிவு செய்யும்.

ஆகவே, நாம் ஆளவேண்டுவன இவை. மேலே உண்டாவது இரைப்பைப் புண். கீழே உண்டாவது பெருங்குடற் புண்ணழற்சி. நுண்ணுயிர் என்பது பொதுப்பெயர். பாக்டீரியாவும் பூஞ்சையும் சிறப்புப்பெயர்கள். கிருமி என்பது நோய் செய்வதற்கு மட்டுமே உரியது. பொதுப்பெயரையும் சிறப்புப்பெயரையும் நன்னூல் கொண்டு கற்பிக்கும் ஆசிரியர்க்கு இது புதிய பாடமன்று. அடுத்த முறை அப்பாடம் நடத்தும்போது மாவும் மரமும் காட்டுவதோடு, இந்த நான்கு சொற்களையும் கரும்பலகையில் எழுதுவார்களாக.