குழலில் எழும் இரங்கல்: இளையராஜாவின் இரண்டாவது இசைத்தொகுப்பு

திரைப்படத்தைச் சாராது இளையராஜா படைத்த கருவியிசைத் தொகுப்புகளுள் 1986இல் வெளிவந்த ‘ஹவ் டு நேம் இட்?’ பெற்ற கவனிப்பை 1988இல் வெளிவந்த ‘நத்திங் பட் விண்ட்’ பெறவில்லை. இதற்குக் காரணம் தேடுதல் அரிதன்று. முதலாவது தொகுப்பு தியாகராசருக்கும் பாக்கிற்கும் காணிக்கையாக்கப்பட்டது. இரு மரபுகளின் சந்திப்பு என்னும் வாதத்தைத் தன் நெற்றியிலேயே எழுதிக்கொண்டு வந்தது. வாதமுள்ள படைப்பைப் பற்றிப் பேசுதல் விமர்சகனுக்கு எளிது. அன்றியும் மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்த பாலு மகேந்திரா தமது ‘வீடு’ திரைப்படத்தின் பின்னணியாக அவ்விசையைக் கையாண்டமையால் அது ஒரு கதையோடும் பிணைந்துவிட்டது. இரண்டாவது தொகுப்புக்கு அத்தகைய துணை எதுவும் வாய்க்கவில்லை. ‘இனிமையானது’ என்னும் ஒற்றைச் சொல்லோடு அது ஒதுக்கப்பட்டது. இனிமை என்று கொள்ளப்பட்டது உண்மையில் துயரமே என்பதுதான் ஈண்டு நோக்கற்பாலது.

ஐரோப்பாவிலே 1970களில் பிரித்தானியா தொடக்கம் பின்லாந்து வரை முற்போக்கு ரொக் இசைக்குழுக்கள் மூன்று நிமிடப் பாட்டின் சிறையை உடைத்து நெடிய கருவியிசை வடிவங்களை நாடின. தமிழிலே அத்தேவையை உணர்ந்தவர் ஓர் இளைஞர் குழுவினரல்லர்; மெட்டுக்கு மெட்டு காலக்கெடுவோடு உழைத்த ஒரு திரையிசையமைப்பாளர். அவருடைய இரு தொகுப்புகளையும் இப்பின்னணியில் வைத்தே மதிப்பிடல் வேண்டும்.

ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலும் ஏறத்தாழ ஐம்பது பேர் கொண்ட வாத்தியக்குழுவும் சேர்ந்து நிகழ்த்தும் இவ்விரண்டாவது தொகுப்பின் கருத்து அதன் பெயரிலேயே உள்ளது: இசையாவது காற்றன்றி வேறில்லை. நகரத்து வாசகனுக்கு இஃது அழகியதோர் உருவகம். கிழக்கே கடலும் மேற்கே வாவியும் நெருக்க, எழுவான்கரையில் ஒடுங்கிக் கிடக்கும் களுவாஞ்சிக்குடி போன்ற ஊரிலே காற்று உருவகமன்று. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என அதற்குப் பெயர்கள் உண்டு. பெயருக்கேற்ற குணமும் உண்டு. 1978 நவம்பரில் வீசிய சூறாவளி இப்பிரதேசத்தின் தென்னைகளையும் கூரைகளையும் ஒரே இரவிற் சாய்த்தமையை முதியோர் இன்றும் சொல்வர். அக்காற்றை அறிந்த செவி இத்தொகுப்பிலே சூறாவளியைத் தேடுமாயின் ஏமாறும். வாத்தியக்குழு உரத்து எழும் இடங்களிலும் அழிவின் அச்சம் அதில் இல்லை. இளையராஜா பாடுபொருளாகக் கொண்ட காற்று மனித நெஞ்சுக்குள் புகுந்து வெளியேறுவது, அதாவது மூச்சு.

முதலாவது தொகுப்பின் நாயகக் கருவி வி. எஸ். நரசிம்மனின் வயலின். வில் ஒரு திசையில் முடிந்தால் மறுதிசையில் திரும்பலாம், ஒலி அறாது. ஆதலாலேயே அதில் உரையாடலும் தர்க்கமும் இயல்பாயின. குழலுக்கு அவ்வசதி இல்லை. வாசிப்பவனின் மூச்சு தீரும் இடத்தில் இசையும் தீர்ந்தாக வேண்டும். ஒவ்வொரு தொடரும் தன் முடிவை உடன் சுமந்தே பிறக்கிறது. இத்தொகுப்பின் துயரம் இராகத் தெரிவில் மாத்திரம் தங்கியிருப்பதன்று. இந்த முடிவுணர்விலேயே அது வேர்கொள்கிறது. கர்நாடக மரபின் குறுங்குழலை விடுத்து, நீண்டதும் தாழ்ந்த குரலுடையதுமான இந்துஸ்தானிக் குழலைத் தேர்ந்தமையும் இதனோடு இயைந்த முடிவே.

தமிழ் மரபில் குழல் முல்லைக்குரியது. ஆயர் கையிலே அது மாலைப் பொழுதின் கருவி. முல்லையின் உரிப்பொருள் இருத்தல்; சென்றவன் கார்காலத்தில் மீள்வான் என்னும் உறுதியோடு ஆற்றியிருத்தல். நெய்தலின் உரிப்பொருளோ இரங்கல். அங்கு உறுதி இல்லை. கடல் பதில் கூறுவதில்லை. களுவாஞ்சிக்குடிக்குத் தெற்கே காரைதீவிற் பிறந்து, 1947இல் ‘யாழ் நூலை’ அரங்கேற்றிய விபுலாநந்த அடிகள் பண்டை இசையை ஆய்ந்த பெருமுயற்சியை அறிந்தோர்க்கு, நிலமும் பண்ணும் பிரிக்கவொண்ணாதவை என்பது புதிதன்று. ‘நத்திங் பட் விண்ட்’டின் தனித்தன்மை இங்குதான் உள்ளது. முல்லையின் கருவி நெய்தலின் உணர்வைப் பாடுகிறது. காத்திருத்தல் போலத் தொடங்கும் குழல், எவரும் வரப்போவதில்லை என்பதை அறிந்தது போல் ஒலிக்கத் தொடங்குகிறது. இம்மாற்றம் அறிவிப்பின்றி நிகழ்வதால் அதனை இனிமையென்று மயங்கியோரைக் குறை கூறுவதற்கில்லை.

குறைகள் இல்லாமலில்லை. ‘மோஸார்ட் ஐ லவ் யூ’ என்னும் பகுதி தொகுப்பின் மனநிலையோடு ஒட்டவில்லை. அதன் ஒளியும் துள்ளலும் முதலாவது தொகுப்பின் சபைக்குரியவை. பாக்கைக் கண்டு உரையாடியவர் மோஸார்ட்டையும் கண்டு வணங்க வேண்டுமென்ற கடமையுணர்வு அதில் மேலோங்கி நிற்கிறது. பெயரிலேயே அன்பைப் பறைசாற்றியபின் இசைக்குச் சொல்ல எஞ்சுவது கொஞ்சமே. வேறு சில இடங்களிலும் குழலைத் தனியே விட அஞ்சியவர் போல் இசையமைப்பாளர் நரம்புக் கருவிகளைத் துணைக்கழைக்கிறார். திரைப்படத்தில் மௌனத்தை நிரப்பிப் பழகிய கையின் பழக்கம் அது. ‘வீடு’ படத்தில் அதே இசை மௌனங்களுக்கிடையே அளந்து வைக்கப்பட்டதை நினைந்தால், கத்தரிக்கோல் பிடித்த பாலு மகேந்திராவின் கண்டிப்பு இத்தொகுப்புக்கும் கிடைத்திருக்கலாமே என்று தோன்றும்.

1990 செப்டெம்பரில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்தோருட் பலர் அழைத்துச் செல்லப்பட்டனர், மீளவில்லை. இருத்தலுக்கும் இரங்கலுக்கும் இடைப்பட்ட பெயரற்ற நிலையொன்றில், இறந்தாரென்று அழவும் வருவாரென்று ஆறவும் முடியாது, இப்பிரதேசத்துக் குடும்பங்கள் பல தசாப்தங்களைக் கழித்துள்ளன. அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே சென்னையில் உருவான இசை அவர்களைக் கருதி எழுந்ததன்று. அவ்வாறு உரிமை கோருதல் விமர்சனமாகாது. ஆயினும் அந்நிலைக்கு ஒப்பாரியும் பொருந்தாது, தாலாட்டும் பொருந்தாது. ‘கொம்போசர்ஸ் பிரெத்’ என்னும் பகுதியிலே வாத்தியக்குழு விலகிக் குழல் மாத்திரம் எஞ்சும் தருணங்களில், ஒரு தொடர் முடிந்து மற்றையது தொடங்குமுன் மூச்சுக்காக விடப்படும் அச்சிறு இடைவெளி பொருந்துகிறது.