ஊட்டிப் பனிக்கு ஹீட்டிங் கேபிள் தேவையா?

கேம்பர் வேனுக்கு அடியில் ஓடும் தண்ணீர்க் குழாயைச் சுற்றிக் கட்டும் 12 வோல்ட் ஹீட்டிங் கேபிளை, ஜனவரியில் தலைகுந்தாவுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஊட்டிச் சுற்றுவட்டாரத்தில் உறைபனிக்குப் பேர்போன இடம் அது.

நான்கு மீட்டர் கேபிள். இரண்டு செம்புக் கம்பிகளுக்கு நடுவே கார்பன் கலந்த பிளாஸ்டிக். குளிர்ந்தால் அது சுருங்கி மின்சாரத்துக்கு வழிவிடும். சூடானால் தானே தடுத்துக்கொள்ளும். குழாய் உருகிவிடுமோ என்ற பயம் வேண்டாம். ஆனால் மீட்டருக்கு 15 வாட் என்றால் மொத்தம் 60 வாட். பத்து மணி நேரம் ஓடினால் 600 வாட்-ஹவர். 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் பாதி காலி! 3 டிகிரிக்குக் கீழே மட்டும் ஓடவைக்கும் தெர்மோஸ்டாட் இல்லாமல் இதை வாங்கவே வாங்காதீர்கள்.

வேலை செய்ததா? செய்தது. விடிகாலையில் புல்லும் வேன் கூரையும் வெளேரென்று கிடக்க, குழாயில் தண்ணீர் வந்தது. சிக்கல் என்னவென்றால், வெறும் ஃபோம் மாட்டியிருந்த பக்கத்துக் குழாயிலும் வந்தது. ஏசி மெக்கானிக்குகள் செம்புக் குழாய்க்கு மாட்டுவார்களே, அதே கறுப்பு ஃபோம்தான். மூடாமல் தொங்கிய ஹோஸில் மட்டும் பனிக்கட்டி.

ஊட்டிப் பனியின் குணம் அப்படி. மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. புல்நுனி பூஜ்யத்துக்குக் கீழே போனாலும், ஆள் உயரத்தில் காற்று சில டிகிரி கூடவே இருக்கும். வெயில் ஏறியதும் எல்லாம் கரைந்துவிடும். குழாய்க்குள் தண்ணீர் முழுக்க உறைந்து, 9 சதவீதம் விரிந்து, குழாயை வெடிக்கவைக்க இந்தச் சில மணி நேரம் போதாது. தாவரவியல் பூங்காவிலும் செடிகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியைப் போட்டு மூடித்தான் காப்பாற்றுகிறார்கள், யாரும் சூடேற்றுவதில்லை.

ஆகவே நீலகிரிக்கு என் சிபாரிசு ஃபோம்தான். தூங்கப் போகும்முன் வெளி ஹோஸை வடித்துவிடுங்கள். வண்டியைப் பள்ளத்தில் நிறுத்தாதீர்கள். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கி அங்கேதான் தேங்கும். குன்னூர்ப் பக்கம் தேயிலைச் சரிவில் தங்கினால் இவ்வளவுகூடத் தேவைப்படாது. குளிருக்காக வேனுக்குள் கரி அடுப்பு மட்டும் மூட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

குளிர்காலத்தில் லடாக் போகிறவர்கள் கேபிளை வாங்கலாம். அங்கே இரவு முழுக்கப் பூஜ்யத்துக்கு வெகு கீழேதான். அதற்கு இந்த நான்கு மீட்டரும் போதாது, டேங்கையும் கழிவுநீர்க் குழாயையும் சேர்த்து மூட வேண்டும். பேட்டரியையும் இரட்டிப்பாக்க வேண்டியிருக்கும்.