ஒன் பீஸ்: காத்திருப்பும் இழுவையும்

1999 அக்டோபரில் ஃபூஜி தொலைக்காட்சியில் தொடங்கிய 'ஒன் பீஸ்' அனிமே 1,100 எபிசோடுகளைத் தாண்டிவிட்டது. கதை இன்னும் முடியவில்லை. எய்ச்சிரோ ஓடா 1997 முதல் 'வீக்லி ஷோனென் ஜம்ப்' இதழில் வரைந்துவரும் மாங்கா படக்கதையைத் தோயே அனிமேஷன் நிறுவனம் திரைக்குக் கொண்டுவருகிறது. பார்க்கத் தொடங்கலாமா என்று கேட்பவருக்கு ரசிகர்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்: பொறுமையாகப் பார், பின்னால் பலன் உண்டு. மறுதரப்பின் பதிலும் தயார்: நானூறு மணி நேரத்துக்கு மேல் கேட்கும் எந்தக் கதையும் அதற்கு ஈடாக எதையும் தந்துவிட முடியாது. இரு தரப்புமே நீளத்தை ஒற்றைப் பொருளாக எடுத்துக்கொள்கின்றன. இத்தொடரில் இருப்பவை இரண்டு நீளங்கள். ஓடாவின் கதை தானாகவே வேண்டி நிற்கும் நீளம் ஒன்று. வாராவாரம் அரைமணி நேரத்தை நிரப்பியாக வேண்டிய கட்டாயம் அதன்மேல் ஏற்றிய நீளம் மற்றொன்று. முதலாவதை மனமார நேசிக்கிறேன். அந்த நேசத்தையே பிடிமானமாக வைத்துக்கொண்டு இரண்டாவது நம் நேரத்தைப் பறிக்கிறது என்பது என் குற்றச்சாட்டு.

நேசத்துக்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2001இல் ஒளிபரப்பான எபிசோடுகளில், கிராண்ட் லைன் கடலுக்குள் நுழையும் நாயகன் லூஃபியின் கப்பலை மலையளவு திமிங்கிலம் ஒன்று வழிமறிக்கிறது. அதன் பெயர் லபூன். இரண்டு மூன்று ஆண்டுகளில் திரும்பிவிடுகிறோம் என்று சொல்லிப்போன ஒரு கடற்கொள்ளையர் குழுவுக்காக ஐம்பது ஆண்டுகளாகக் காத்திருக்கிறது. ரெட் லைன் பாறைச்சுவரில் மோதி மோதி அதன் தலையெல்லாம் தழும்பு. லூஃபி அதனோடு ஒரு சண்டையைத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, மீதிக்குத் திரும்பி வருவேன் என்று வாக்குக் கொடுக்கிறான். தன் கொடிச் சின்னத்தை அதன் தலையில் வரைகிறான். சின்னம் அழியாமலிருக்க வேண்டுமானால் லபூன் இனித் தலையை மோதக்கூடாது. அவ்வளவுதான், கப்பல் நகர்ந்துவிடுகிறது. பாலைவன நாடு வருகிறது, வான்தீவு வருகிறது, எனீஸ் லாபி வருகிறது. லபூனைக் கதை மறந்தே போனதாகத் தோன்றும்.

2008இல், மூடுபனிக் கடலில் மிதக்கும் ஒரு பேய்க்கப்பலில் புரூக் என்ற எலும்புக்கூடு எதிர்ப்படுகிறார். லபூன் காத்திருக்கும் அந்தக் குழுவில் எஞ்சியவர் அவர் ஒருவரே. செத்து எலும்பான பின்னும் தலைமுடியை மட்டும் அவர் உயிரைப்போலக் காப்பதற்குக் காரணம், அதைக்கொண்டுதான் லபூன் தன்னை அடையாளம் காணும் என்ற நம்பிக்கை. நஞ்சேறிச் சாகும் தறுவாயில் அவருடைய தோழர்கள் ஒரு பாட்டை இசைத்து, ஒலியைப் பதியும் சங்கு ஒன்றில் லபூனுக்காகச் சேமிக்கிறார்கள். 'பிங்க்ஸின் மது' என்ற கொண்டாட்டப் பாட்டு. பாடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொருவராகச் சரிகிறார்கள். ஒரு வாத்தியம் நிற்கிறது, பிறகு இன்னொன்று. கடைசியில் புரூக்கின் பியானோ மட்டும் கேட்கிறது.

இங்கே இரண்டு காரியங்கள் ஒன்றாக நடக்கின்றன. ஐம்பது ஆண்டுக் காத்திருப்பை ஒரு திரைப்படம் நமக்குச் சொல்லலாம், நாம் கேட்டுக்கொள்ளலாம். ஏழாண்டுக்கு முன் பார்த்த திமிங்கிலத்தை, அல்லது முந்நூறு எபிசோடுகளுக்கு முன் பார்த்த திமிங்கிலத்தை, நம்முடைய சொந்த நினைவிலிருந்து தேடி எடுக்கும்போது அந்தக் காத்திருப்பில் ஒரு பங்கு நம்முடையதாகிவிடுகிறது. இதைச் செய்ய நீளத்தைத் தவிர வேறு கருவி கிடையாது. அடுத்தது, வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அடங்குவதை மாங்காவின் பக்கத்தில் படிக்க முடியும், கேட்க முடியாது. கேட்கவைத்தது அனிமே. மாங்காவைப் படித்தால் போதும், அனிமே வெறும் நகல் என்று சொல்பவர்களை இந்த ஒரு காட்சியை வைத்தே மறுப்பேன். 1999 முதல் லூஃபிக்குக் குரல் தரும் மயூமி தனாகாவும் இந்தக் கணக்கில் சேர்வார். இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் ஒரே குரல் ஒரே சிறுவனாக வாழ்ந்திருப்பது, கதைக்கு வெளியே கிடைத்த ஒரு தொடர்ச்சி.

இனி மற்ற நீளம். முதல் 61 எபிசோடுகள் மாங்காவின் முதல் 100 அத்தியாயங்களைச் சொல்லி முடித்தன. அப்போது வேகம் நன்றாகவே இருந்தது. ஆனால் அனிமே ஏறக்குறைய ஆண்டு முழுக்க ஓடியது, ஓடாவோ விடுப்புகள் போக நாற்பது சொச்சம் அத்தியாயங்கள்தான் வரைந்தார். துரத்தும் வண்டி முன்னால் போகும் வண்டியை எட்டிவிட்டால் பிரேக் போட்டே ஆகவேண்டும். தோயே போட்ட பிரேக் எது என்பதில்தான் விவகாரம். 2006 முதல் முடிவுப்பாடலை எடுத்துவிட்டுத் தொடக்கப்பாடலை இரண்டரை நிமிடமாக நீட்டினார்கள். அதன்பின் சென்ற வாரச் சுருக்கம், இறுதியில் அடுத்த வார முன்னோட்டம். பல வாரங்களில் புதிதாக எஞ்சியது பதினாறு பதினேழு நிமிடம்தான். அதையும் ஒரே ஒரு அத்தியாயத்தால், சில சமயம் அதற்கும் குறைவானதால், நிரப்பவேண்டியிருந்தது.

ட்ரெஸ்ரோஸா என்ற கதைப்பகுதி (ஆர்க்) இதன் உச்சம். 102 அத்தியாயங்கள் 118 எபிசோடுகளாயின. 2014 ஜனவரியிலிருந்து 2016 ஜூன் வரை ஓடியது. கதைக்குள் கழிவதோ பெரும்பாலும் ஒரே நாள். லூஃபி வலுவிழந்து விழுகிறான், மீண்டும் எழப் பத்து நிமிடம் தேவை என்கிறான். அந்தப் பத்து நிமிடம் வாரக்கணக்கில் நீள்கிறது. வில்லன் டோஃப்ளமிங்கோ ஒரு வார்த்தை சொன்னால் கூட்டத்தில் நிற்கும் ஒவ்வொருவர் முகத்துக்கும் கேமரா போய்வருகிறது. திகைப்பு, மூச்சிழுப்பு, மறுபடி திகைப்பு. ஓடியவர்களே மறுபடி ஓடுகிறார்கள். எனக்கு ஆத்திரம் வருவது கதை மோசம் என்பதால் அல்ல. லா என்ற சிறுவனைக் காப்பாற்றச் சாகும் கொராசானின் பகுதி ஓடா எழுதியவற்றுள் மிக உயர்ந்தவற்றில் ஒன்று. நகராத எபிசோடுகளைத் தாண்டி வரும் பார்வையாளர் அந்த இடத்தை அடையும்போது களைத்துப்போயிருக்கிறார். வரவேண்டிய கண்ணீரை இழுவை முன்கூட்டியே செலவழித்துவிடுகிறது.

'கஷ்டப்பட்டுக் கடந்ததால்தான் உச்சக்காட்சி இனிக்கிறது' என்ற வாதத்தை இங்கே நிறுத்திச் சோதிக்கவேண்டும். லபூன் வந்த எபிசோடுகள் இழுவையற்றவை. காத்திருப்பை உண்டாக்கியது இடையில் நடந்த வேறு கதைகள். ஒவ்வொன்றும் தன்னளவில் நிறைவானது. எதுவும் நடக்காத இருபது நிமிடம் அந்தக் காத்திருப்போடு ஒரு விநாடியைக்கூடச் சேர்ப்பதில்லை. ஆகவே இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை.

வேறு வழியே இல்லையா என்றால், இருந்தது. 'நருட்டோ'வின் முதல் தொடர் மாங்காவை நெருங்கியதும் 135ஆம் எபிசோடுக்குப் பின் 220 வரை பெரும்பகுதியை, மாங்காவில் இல்லாத ஃபில்லர் கதைகளால் நிரப்பியது. அது வேறு வகைத் துன்பம், ஆனாலும் தாண்டிப்போகலாம், மூலக்கதைக்குச் சேதமில்லை. 'ஒன் பீஸ்' குழுவே 2004இல் வான்தீவுக் கதை முடிந்தபின் ஜி-8 என்ற ஃபில்லரைச் செய்தது. கடற்படைக் கோட்டைக்குள் லூஃபி குழு விழுந்து தப்பும் அந்தப் பதினோரு எபிசோடுகள், பல முறையான ஆர்க்குகளைவிடக் கலகலப்பானவை. அந்த வழியில் தொடராமல், மூலக்கதையின் காட்சிகளையே இழுத்து நீட்டியதுதான் பெரும்பிழை.

என் குற்றச்சாட்டைச் சிக்கலாக்கும் ஒன்று வானோ ஆர்க். 2019 ஜூலை முதல் 2023 நவம்பர் வரை, தட்சுயா நாகமினே தலைமை இயக்கத்தில், 150க்குச் சற்றுக் குறைவான அத்தியாயங்கள் 190க்கும் மேற்பட்ட எபிசோடுகளாயின. விகிதப்படி இது ட்ரெஸ்ரோஸாவைவிட மோசம். இருந்தும் வானோவின் நல்ல எபிசோடுகள் இத்தொடரின் மிகச்சிறந்தவை. மெகுமி இஷிதானி இயக்கிய 1015ஆம் எபிசோடு மாங்காவின் 1000ஆம் அத்தியாயம் ஒன்றை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. கூரையேறி வந்த லூஃபி தன் எதிரிகளான கைடோவுக்கும் பிக் மாமுக்கும் எதிரே நிற்கும் தருணம். ஒளியாலும் மௌனத்தாலும் பழைய நினைவுகளாலும் அந்த ஒற்றை அத்தியாயத்தை அவர் விரித்தபோது, நீட்டியதாகத் தோன்றவில்லை; மாங்காவில் அடக்கிவைத்திருந்தது வெளியே வந்ததாகத் தோன்றியது. எனவே ஓர் அத்தியாயத்துக்கு ஓர் எபிசோடு என்ற விகிதத்தைக் குற்றம் சொல்வது தவறு. கிடைத்த நிமிடங்களில் இயக்குநர் எதைப் பார்க்கிறார் என்பதே கேள்வி. இஷிதானி கதையைப் பார்த்தார். ட்ரெஸ்ரோஸாவின் பெரும்பாலான வாரங்கள் கடிகாரத்தைப் பார்த்தன. வானோவிலும் அப்படிப்பட்ட வாரங்கள் நிறைய உண்டு.

ரசிகர்கள் தாங்களே வெட்டித் தொகுத்த 'ஒன் பேஸ்' பதிப்பு இவ்வளவு பரவியிருப்பது, இழுவை என்பது விரோதிகள் கிளப்பிய புகார் அல்ல என்பதற்குச் சான்று. இத்தொடரை மிகவும் நேசிப்பவர்கள்தான் அந்த உழைப்பைத் தருகிறார்கள். தயாரிப்பாளர்களும் தாமதமாக அதே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். 2024 அக்டோபரில் ஆறு மாத இடைவெளி விட்டார்கள். 2026 முதல் ஆண்டுக்கு அதிகபட்சம் 26 எபிசோடுகள் என்று அறிவித்தார்கள். பதினைந்து ஆண்டுக்கு முன்பே எடுத்திருக்கவேண்டிய முடிவு.

என் தீர்ப்பு இது. 'ஒன் பீஸ்' மாபெரும் கதை. அதன் அனிமே நடுவில் பலத்த சேதமடைந்த மாபெரும் தொடர். முழுவதையும் ஒரு நிமிடம் விடாமல் பார்ப்பதைப் பக்தியின் அளவுகோலாக்குவதை நான் எதிர்க்கிறேன். முதல் எபிசோடிலிருந்து இரண்டாண்டு இடைவெளி வரும் 516 வரை அனிமேயிலேயே பாருங்கள். அங்கங்கே தளர்ந்தாலும் அந்த நீளம் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். அதன்பின் ட்ரெஸ்ரோஸா முடியும்வரை மாங்காவைக் கையிலெடுங்கள், அல்லது ரசிகர் தொகுப்பை நாடுங்கள். கொராசானை மட்டும் திரையில் தேடிப் பாருங்கள். வானோவில் மீண்டும் அனிமேக்குத் திரும்பி, நகராத வாரங்களைத் தயங்காமல் தள்ளிவிட்டு, 1015இல் நில்லுங்கள்.