புல எண்ணுக்கு நினைவில்லை

கிராமத்து நிலத்தை இப்போது செல்போன் திரையில் தொட்டுப் பார்க்கலாம். தொட்ட இடத்தின் புல எண், உட்பிரிவு எல்லாம் வந்துவிடும். தாலுக்கா ஆபீசுக்கு நடையாய் நடந்தவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனால் 'இனி ஒளிவுமறைவு கிடையாது' என்று நம் தோழர்களே பேச ஆரம்பித்திருக்கிறார்கள். எந்தப் பிரதியையும் அதன் மௌனங்களோடு சேர்த்து வாசிக்கப் பழகியவர்கள் நாம். கணினிக்குள் இருப்பதும் ஒரு பிரதிதான் என்பது மட்டும் எப்படி மறந்துபோகிறது?

இடம்சார் தரவுத்தளத்தில் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று வடிவம்: எல்லைப் புள்ளிகளின் ஆயத்தொலைகளை வரிசையாகக் கோத்து மூடிய பலகோணம். மற்றது அந்த வடிவத்துக்குரிய அட்டவணை வரி: பட்டாதாரர், பரப்பு, நஞ்சையா புஞ்சையா. இரண்டையும் கட்டிவைத்திருக்கும் கயிறுதான் புல எண். அட்டவணையில் எந்தெந்தக் கலங்கள் வேண்டும் என்பதை முதலிலேயே யாரோ முடிவு செய்தாக வேண்டும். கலம் ஒதுக்காத ஒன்றைப் பற்றி அதனிடம் கேள்வியே கேட்க முடியாது. அதிகாரம் புகும் வாசல் இதுதான்.

பஞ்சமி நிலத்தை எடுத்துக்கொள்வோம். செங்கல்பட்டு கலெக்டர் திரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் சென்னை அரசாங்கம் தாழ்த்தப்பட்டோருக்கு நிபந்தனையோடு நிலம் ஒப்படைத்தது. பத்து வருஷம் யாருக்கும் விற்கக்கூடாது. அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மண்ணின் தரமோ எல்லையோ சம்பந்தப்பட்டதல்ல இந்த நிபந்தனை. கைமாறுவது பற்றியது, அதாவது காலம் பற்றியது. பதிவேட்டில் அதற்குக் கிடைத்த இடம் ஒரு குறிப்பு, அவ்வளவுதான்.

1979இல் தொடங்கி எண்பதுகளில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பல ஊர்களில் அந்தக் குறிப்பு காணாமல் போய், அனுபவத்தில் வைத்திருந்தவர் பெயரில் சாதாரணப் பட்டா ஏறியது என்பது தலித் இயக்கங்கள் நெடுநாளாக வைத்துவரும் குற்றச்சாட்டு. பின்னால் கணினியில் ஏற்றப்பட்டது இந்தத் திருத்திய பதிவேடுதான். ஆக, திரையில் தெரிவது பொய்யில்லை. இன்று யார் பெயரில் பட்டா இருக்கிறது என்பதைச் சரியாகவே சொல்கிறது. எப்படி அவர் கைக்கு வந்தது என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. காகிதத்தில் நடந்த களவு கணினியில் துல்லியமாகிவிட்டது.

உட்பிரிவு இன்னொரு சிக்கல். 112 என்ற புலம் 112/1, 112/2 என்று உடைகிறபோது தாய்ப் புலத்தின் நிபந்தனை பிள்ளைப் புலங்களுக்கும் இறங்கவேண்டும். அப்படி இறங்கும் என்று விதி எழுதினால்தான் இறங்கும். எழுதாவிட்டால் நாலு உட்பிரிவுக்குள் நிலத்தின் பூர்வீகமே அற்றுப்போகும்.

தமிழில் 'இடம்' என்ற சொல் சும்மா ஒரு புள்ளியைக் குறிப்பதில்லை. ஒரே வருவாய்க் கிராமத்துக்குள் ஊர் வேறு, சேரி வேறு என்று இருக்கிறபோது இடம் என்பது உறவு, வரலாறு, அடி உதை. அட்சரேகை தீர்க்கரேகைக்குள் அது அடங்குமா? 1994இல் காரணைப் பஞ்சமி நிலத்துக்காக நடந்த போராட்டத்தில், அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். அந்த நிலமும் எந்தத் தரவுத்தளத்திலும் சில பலகோணங்கள்தான்.

இதனால் கணினியே வேண்டாம் என்று ஒதுங்குவது சோம்பேறித்தனம். வடிவங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எங்கே வெட்டிக்கொள்கின்றன என்று கேட்பதுதான் இந்தக் கருவியின் பலமே. பழைய பதிவேட்டில் நிபந்தனை நிலமாக இருந்த புலங்களை ஓர் அடுக்காகப் போடுங்கள். இன்றைய பட்டாவை அதன்மேல் வையுங்கள். எது பறிபோனது என்று ஊர் ஊராகத் தெரிந்துவிடும். க்யூஜிஸ் மாதிரி இலவச மென்பொருளே போதும். மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய பதிவேடுகளின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கிடைத்ததை அந்தந்த ஊர் மக்களோடு உட்கார்ந்து சரிபார்ப்பது நம் வேலை. இல்லாவிட்டால் அதே பட்டியல் நிலத்தரகர் கையில் விலைப்பட்டியலாகிவிடும்.

அரசிடம் கேட்கவேண்டியது ஒன்றுதான்: ஒவ்வொரு புல எண்ணுக்கும் 1892 வரை பின்னோக்கிப் போகும் ஒரு கலம். சேமிக்க இடம் இல்லை என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாது. கொடுக்க மறுத்தால், யாருடைய நிலத்தைப் பாதுகாக்க மறுக்கிறார்கள் என்றாவது தெரிந்துகொள்வோம்.